குளிரில் டயர் மெத்தென்று ஆகிறது, கார் ஏன் முரடாகிறது?

குளிர் தேசத்தில் கார் ஓட்டுகிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். அக்டோபர் வரைக்கும் அலுங்காமல் குலுங்காமல் போன கார், ஜனவரி மாதக் காலையில் மாட்டுவண்டி மாதிரி போகும். அதே கார், அதே ரோடு, அதே வேகம். பாலத்து இணைப்பின் மேல் ஏறி இறங்கினால்கூட 'டொம்' என்று முதுகுத்தண்டில் வந்து உட்காரும். ஒரு இருபது நிமிஷம் ஓட்டியதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிவிடும். மறுநாள் காலையில் மறுபடி அதே கதை.

ஏன்? சட்டென்று வரும் பதில், "குளிர்ல டயர் கல்லு மாதிரி ஆயிடும்ல" என்பது. பாதி சரி. ஆனால் மீதிப் பாதியை யோசித்தால் ஒரு முரண் இடிக்கிறது. குளிர்ந்தால் டயருக்குள் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் டயர் மெத்தென்று ஆகும். அப்படிப் பார்த்தால் ஜனவரியில் கார் இன்னும் சொகுசாகத்தானே போகணும்?

இதை வெறும் மூளைக்கு வேலை என்று விட்டுவிட முடியாது. சென்னையிலிருந்து இங்கே மின்னியாபொலிஸுக்கு வந்த நண்பர் ஒருவர், தன் முதல் குளிர்காலத்தில் "வண்டி ரொம்ப தூக்கிப்போடுது, காத்து ஜாஸ்தியா இருக்கும்" என்று முடிவுகட்டி நாலு டயரிலும் காற்றை இறக்கிவிட்டார். குலுக்கல் குறையவில்லை. மார்ச்சில் ஒரு பள்ளத்தில் இறங்கியபோது ரிம் வளைந்து, டயரின் பக்கச்சுவர் கொழுக்கட்டை மாதிரி புடைத்துக்கொண்டது. இன்னொரு நண்பரிடம் ஒரு பட்டறையில் "ஷாக் அப்சார்பர் போயிடுச்சு" என்று சொல்லி நாலையும் மாற்ற வைத்தார்கள். பணம் போனது. காலை நேரக் குலுக்கல் அப்படியேதான் இருக்கிறது.

முதலில் காற்றுக் கணக்கு. பள்ளிக்கூடத்தில் படித்த வாயு விதிதான்: கொள்ளளவு மாறாதபோது அழுத்தம் வெப்பநிலையோடு நேர்விகிதத்தில் ஏறி இறங்கும். இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். வெப்பநிலையைக் கெல்வினில் எடுக்கணும். கேஜ் காட்டும் அளவோடு வெளிக்காற்றின் 14.7 பிஎஸ்ஐயையும் கூட்டிக்கொள்ளணும். இதமான 20 டிகிரி செல்சியஸில் 35 பிஎஸ்ஐ அடித்தீர்கள் என்று வையுங்கள். மொத்த அழுத்தம் 49.7. வெளியே மைனஸ் 20 ஆனால், அதாவது 293 கெல்வின் 253 ஆகக் குறைந்தால், 49.7 × 253 ÷ 293 = 42.9. அதில் வெளிக்காற்றைக் கழித்தால் 28.2 பிஎஸ்ஐ. பஞ்சர் கிடையாது, வால்வில் கசிவு கிடையாது, ஆனாலும் 7 பிஎஸ்ஐ காணாமல் போய்விட்டது. இது போக, நல்ல டயரிலேயே ரப்பர் வழியாக மாதம் சுமார் 1 பிஎஸ்ஐ கசிந்துகொண்டே இருக்கும்.

அமெரிக்கக் கார்களில் முதல் கடுங்குளிர் நாளன்று டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிவது இதனால்தான். ஃபயர்ஸ்டோன் டயர் விபத்துகளுக்குப் பிறகு 2000-ல் வந்த சட்டத்தின் தொடர்ச்சியாக, டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் சென்சார் கட்டாயமானது. காருக்குப் பரிந்துரைத்த அளவில் 25 சதவீதம் குறைந்தால் அது எச்சரிக்கணும். 35-க்கு அந்தக் கோடு 26.25. அக்டோபரில் அடித்த காற்றோடு ஜனவரிக்கு வந்தால், குளிரில் போன 7-ம் கசிந்த 2, 3-ம் சேர்ந்து கோட்டைத் தாண்டிவிடும். கொஞ்ச தூரம் ஓடி டயர் சூடானதும் சில பிஎஸ்ஐ ஏறி விளக்கு அணைந்துவிடும். "அதுவா சரியாயிடுச்சு" என்று நாமும் விட்டுவிடுவோம்.

இரண்டு சில்லறைச் சந்தேகங்களை இங்கேயே முடித்துவிடலாம். நைட்ரஜன் அடித்தால் குளிரில் அழுத்தம் குறையாது என்று கடைகளில் சொல்வார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இரண்டும் ஒரே வாயு விதிக்குத்தான் கட்டுப்படும், இரண்டும் ஒரே அளவுதான் இறங்கும். இன்னொன்று, டிவியில் சொல்லும் 'விண்ட் சில்' எண். காற்று வீச்சால் நம் தோல் எவ்வளவு வேகமாகச் சூட்டை இழக்கிறது என்பதற்கான கணக்கு அது. டயருக்கு அந்தக் கவலை இல்லை. 2019 ஜனவரி கடைசியில் துருவச் சுழல் இறங்கியபோது மின்னியாபொலிஸில் வெப்பநிலை மைனஸ் 33 வரை போனது. விண்ட் சில் அதைவிட ரொம்பக் கீழே. கார் எவ்வளவு நேரம் வெளியே நின்றாலும் மைனஸ் 33-க்குக் கீழே போயிருக்காது. காற்று அடித்தால் அந்த இடத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

சரி, முரணுக்கு வருவோம். டயர் மெத்தென்று ஆனது உண்மை. அது ஏன் நமக்குத் தெரியவில்லை?

காரில் நமக்கும் ரோட்டுக்கும் நடுவே இரண்டு ஸ்பிரிங்குகள் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கின்றன. கீழே டயர், மேலே சஸ்பென்ஷனின் சுருள் ஸ்பிரிங். நடுத்தரமான கார் ஒன்றில் சுருள் ஸ்பிரிங், சக்கரத்தில் அளந்தால், ஒரு மில்லிமீட்டர் அமுங்க 25 நியூட்டன் போல எடுத்துக்கொள்ளும். டயர் 200 போல எடுத்துக்கொள்ளும். அதாவது டயர் எட்டு மடங்கு விறைப்பு. ஒரு சக்கரத்தின் மேல் கூடுதலாக 100 கிலோ (சுமார் 1000 நியூட்டன்) வைத்தால் சஸ்பென்ஷன் 40 மில்லிமீட்டர் இறங்கும், டயர் 5. மொத்தம் 45. இப்போது காற்று குறைந்து டயர் கொஞ்சம் தளர்ந்து 5 என்பது 6 ஆகிறது என்று வையுங்கள். மொத்தம் 46. நாற்பத்தைந்துக்கும் நாற்பத்தாறுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த முதுகும் கண்டுபிடிக்காது.

சொகுசின் பெரும்பகுதி டயரில் இல்லை, மேலே சஸ்பென்ஷனில் இருக்கிறது. குளிர் அடிப்பதும் அங்கேதான். ஸ்பிரிங் எஃகு, இந்தக் குளிரெல்லாம் அதன் விறைப்பை மாற்றாது. மாறுவது பக்கத்திலேயே இருக்கும் ஷாக் அப்சார்பர். அதற்குள் எண்ணெய் இருக்கிறது. சக்கரம் மேலே கீழே போகும்போது ஒரு பிஸ்டன் அந்த எண்ணெயைச் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாகத் தள்ளுகிறது. அந்த எதிர்ப்புதான் கார் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்காமல் தடுக்கிறது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு உறைந்துபோவது நமக்குத் தெரியும். ஷாக் எண்ணெய் அப்படிச் சட்டென்று உறையாது. வெல்லப்பாகு ஆற ஆற இறுகுவது மாதிரி படிப்படியாகக் கெட்டியாகும். மைனஸ் 20, 25-ல் அது கோடைக்காலத்தைவிடப் பல மடங்கு கெட்டி. குளிருக்கேற்ற கலவைகள் சேர்த்துத்தான் தயாரிக்கிறார்கள், இருந்தாலும் இயற்பியலை முழுசாக ஏமாற்ற முடியாது. ஓட்டை வழியாக எண்ணெய் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள சீல்களும் இறுகி உராய்வு கூடுகிறது. சின்ன மேடுகளுக்குச் சஸ்பென்ஷன் அசைந்தே கொடுக்காது.

சஸ்பென்ஷன் அசையவில்லை என்றால் மிச்சம் இருப்பது டயர் மட்டும்தான். முழுக்க இறுகிவிட்டதாக ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சக்கரத்தின் பங்காகச் சுமார் 390 கிலோ எடை, கீழே 200 நியூட்டன் விறைப்புள்ள டயர். அது விநாடிக்குச் சுமார் 3.6 தடவை குதிக்கும். சாதாரணமாகச் சுருள் ஸ்பிரிங் மேல் காரின் உடம்பு விநாடிக்கு ஒன்று, ஒன்றரை தடவைதான் அசையும். இது ஏன் முக்கியம் என்றால், உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு மேல்கீழ் அதிர்வில் அதிகம் அவஸ்தைப்படுவது விநாடிக்கு 4-லிருந்து 8 வரையிலான அதிர்வில். உடம்பு அதிர்வை அளப்பதற்கான ஐஎஸ்ஓ 2631 தரநிலையும் அந்தப் பகுதிக்குத்தான் அதிக மதிப்புக் கொடுக்கிறது. வயிறு, குடல், தோள்பட்டை எல்லாம் ஒத்திசைந்து ஆடும் இடம் அது. நிஜத்தில் சஸ்பென்ஷன் முழுக்க இறுகாது. ஆனால் குளிர் அதை அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது: நமக்குப் பிடித்த ஒன்றிலிருந்து, பிடிக்காத நாலை நோக்கி. டயருக்குத் தன் ஆட்டத்தைத் தானே அடக்கும் சக்தியும் கிடையாது என்பதை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச தூரம் ஓடியதும் சரியாவது ஏன் என்பதும் இதிலேயே வந்துவிடுகிறது. ஷாக் அப்சார்பரின் வேலையே ஆட்டத்தைச் சூடாக மாற்றுவது. அந்தச் சூட்டில் அதன் எண்ணெய் தானே இளகிவிடும். காலையில் முரடு, பதினைந்து இருபது நிமிஷத்தில் சாது என்றால் அது பெரும்பாலும் பழுது இல்லை. போய்விட்ட ஷாக் அப்சார்பரின் லட்சணமே வேறு. எண்ணெய் ஒழுகியிருக்கும், கார் இறுக்கமாக இருக்காது, மாறாக ஒரு மேட்டுக்கு மூன்று தடவை துள்ளும். பட்டறையில் பணம் கொடுப்பதற்கு முன்னால் இந்த ஒரு வித்தியாசத்தையாவது பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ரப்பர். டயரைத் தவிரவும் காரில் ஏகப்பட்ட ரப்பர் இருக்கிறது. சஸ்பென்ஷன் கைகளின் மூட்டுகளில் புஷ், எஞ்சினுக்குக் கீழே மவுண்ட், ஸ்டெபிலைசர் கம்பியைப் பிடித்திருக்கும் ரப்பர். ரோட்டின் பொடி அதிர்வை விழுங்குவது இவைதான். ரப்பர் என்பது நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் பொருள். சூட்டில் அவை நெளிந்து கொடுக்கும். குளிரக் குளிர நெளிவு குறைந்து, கடைசியில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். இயற்கை ரப்பருக்கு அந்த எல்லை மைனஸ் 70-ஐ ஒட்டி. அவ்வளவு குளிர் இங்கே வராது என்றாலும், எல்லைக்கு ரொம்ப முன்னாலேயே இறுக ஆரம்பித்துவிடும். சுடச்சுட பரோட்டாவையும் ஆறிப்போன பரோட்டாவையும் பிய்த்துப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். குளிர்கால வேகத்தடைகளில் 'கிறீச்' என்று கேட்கும் சத்தம் பெரும்பாலும் இந்தப் புஷ்களின் புலம்பல்தான். 1986-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்ததும் இதே குணத்தால்தான்: குளிரில் இறுகிய ஒரு ரப்பர் வளையம் நேரத்துக்கு விரிந்து கொடுக்கவில்லை. விசாரணையில் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் அந்த ரப்பர்த் துண்டை ஐஸ் தண்ணீரில் முக்கிக் காட்டியது பிரசித்தம்.

டயரின் ரப்பர் எப்படி நடந்துகொள்ளும் என்பது கலவையைப் பொறுத்தது. கோடை டயரின் கலவை சூடான ரோட்டில் பிடிப்பு வேண்டும் என்று செய்தது. சுமார் 7 டிகிரிக்குக் கீழே அது பிடிப்பை இழக்க ஆரம்பிக்கிறது; கடுங்குளிரில் ஓட்டினால் மேல்பட்டையில் விரிசல் விழலாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். பாலத்து இணைப்பு, தார் ஒட்டு மாதிரி கூர்மையான சின்ன விளிம்புகளை டயர் தன் மேல் வாங்கி மடித்துக்கொள்ளணும். இறுகிய ரப்பரால் அது முடியாது. ஆக, உள்ளே காற்று தளர்ந்தது, வெளியே ரப்பர் இறுகியது. காற்று கொடுத்ததை ரப்பர் பிடுங்கிக்கொள்கிறது.

குளிர்கால டயர் இதற்காகவே செய்தது. முதல் குளிர்கால டயர் 1934-ல் பின்லாந்தில் லாரிகளுக்காக வந்தது. 1936-ல் கார்களுக்கான ஹக்கபெலிட்டா. செய்தது இன்றைய நோக்கியன் டயர்ஸின் முன்னோடி. அந்த ரப்பர் ஆலை பிறகு 1967-ல் நோக்கியாவோடு இணைந்தது. ஆமாம், நம் கையில் இருந்த போன் கம்பெனிதான். இன்றைய குளிர்கால டயர்களில் சிலிக்கா சேர்த்த, குளிரிலும் இளக்கமாக இருக்கும் கலவை, ஆழமான பள்ளங்கள், மேல்பட்டை முழுக்கப் பிளேடால் கீறியது மாதிரி வெட்டுகள். இவை பனியில் பிடிப்புக்காகத்தான், சொகுசு ஓர் இலவச இணைப்பு. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இது சட்டப்படி கட்டாயம். மின்னசோட்டாவில் அப்படிச் சட்டம் இல்லை, அவரவர் இஷ்டம். வாங்கும்போது பக்கச்சுவரில் மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் படம் இருக்கிறதா என்று பார்க்கணும். 'எம் பிளஸ் எஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்காகப் பனிச் சோதனை எதுவும் செய்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

குளிர்கால டயருக்கு என்று தனி ரிம் வாங்குகிறவர்கள், காருக்கு அனுமதி இருந்தால் ஓர் அளவு சின்ன ரிம் வாங்குவது நல்லது. 225/40 ஆர்18 டயரின் பக்கச்சுவர் உயரம் 225-ல் 40 சதவீதம், அதாவது 90 மில்லிமீட்டர். 205/55 ஆர்16-ல் அது 113. சக்கரத்தின் மொத்த விட்டம் ஏறக்குறைய ஒன்றுதான் (637-ம் 632-ம்), ஆனால் ரிம்முக்கும் பள்ளத்துக்கும் நடுவே 23 மில்லிமீட்டர் அதிகக் காற்று மெத்தை. சின்ன அளவு டயர் விலையும் குறைவு. பெரிய ரிம் பார்க்க அழகுதான், ஏப்ரலில் மாட்டிக்கொள்ளலாம்.

எல்லாக் குலுக்கலும் மேலே சொன்னதில் அடங்காது. கிளம்பிய முதல் சில நிமிஷங்கள் வேகத்துக்கேற்ப 'தட தட தட' என்று சீராக ஒரு தட்டல் வந்து, பிறகு காணாமல் போனால், டயர் ராத்திரி நின்ற இடத்தில் தட்டையாகியிருக்கிறது என்று அர்த்தம். டயருக்குள் நைலான் இழைகள் உண்டு. சூடாக வந்து நின்ற டயர், காரின் எடையைத் தாங்கியபடியே ஆறும்போது, தரையைத் தொட்ட பகுதி அப்படியே படிந்துவிடும். இஸ்திரி போட்ட மடிப்பு மாதிரி. மறுபடி சூடானால் மடிப்பு போய்விடும். குளிரில் அதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரமாகும்.

பனிக்கொட்டலுக்கு மறுநாள் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் கிடுகிடுவென்று நடுங்கினால் காரணம் இன்னும் சாதாரணம். ரிம்முக்கு உள்பக்கம் பனிக்கட்டி ஒட்டியிருக்கும். மையத்திலிருந்து 20 சென்டிமீட்டரில் 100 கிராம் பனி ஒட்டியிருந்தாலே, மணிக்கு 100 கிலோமீட்டரில் அது கிட்டத்தட்ட 16 கிலோ எடையின் விசையோடு விநாடிக்கு 14 தடவை சக்கரத்தை இழுக்கும். சக்கரம் தானாகவே துள்ளும் இயல்பு வேகமும் விநாடிக்குப் பத்திலிருந்து பதினைந்துக்குள்தான் இருக்கும். ஜாடிக்கேத்த மூடி. மெக்கானிக்கிடம் போகுமுன் ஒரு குச்சியால் பனியைத் தட்டிவிட்டுப் பாருங்கள்.

சீட்டைச் சொல்ல மறக்கக்கூடாது. சீட்டுக்குள் இருக்கும் பஞ்சு நுரையும் குளிரில் இறுகும். முதல் பத்து நிமிஷம் மரப்பலகையில் உட்கார்ந்த மாதிரி இருப்பதில் பாதிக் குற்றம் அதன் மேல். சீட் ஹீட்டர் இருந்தால் அது உடம்புக்கு மட்டும் இல்லை, நுரைக்கும் சேர்த்துத்தான். ரோடும் சும்மா இல்லை. விரிசலில் புகுந்த தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் பெருத்துத் தாரை நெம்பும், உருகும்போது கீழே வெற்றிடம் விட்டுப்போகும். உறைவதும் உருகுவதும் மாறி மாறி வரும் பிப்ரவரி, மார்ச்சில்தான் பள்ளங்கள் முளைக்கும். அதாவது டயரில் காற்று குறைவாக இருக்கும் அதே பருவத்தில். சாதாரண ஓட்டத்தில் குறைந்த காற்றால் சொகுசு ஒன்றும் கூடுவதில்லை என்று மேலே பார்த்தோம். பள்ளத்தில் விழும்போது மட்டும் அந்தக் குறை முழுசாக வேலையைக் காட்டும்: பக்கச்சுவர் நசுங்கி, ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவே பாக்குவெட்டியில் மாட்டிய பாக்காகிவிடும். நண்பரின் ரிம் கதை இதுதான்.

அதனால் காற்று விஷயத்தில் குலுக்கலைக் கேட்டு முடிவெடுக்காமல், ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணைக் கேளுங்கள். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அது தாங்கும் அதிகபட்சம், நம் காருக்கான அளவு இல்லை. ஸ்டிக்கரில் 'கோல்ட்' என்று இருப்பது, கார் சில மணி நேரம் நின்று வெளிவெப்பநிலைக்கு வந்த பிறகு என்று பொருள். சூடேற்றிய கராஜுக்குள் அளந்து 35 அடித்தால், வெளியே போனதும் 28 ஆகிவிடும். அப்படித்தான் அடிக்க முடியும் என்றால், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தில் ஆறு டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ என்று கூட்டி அடிக்கலாம். வால்வு மூடியைத் தொலைக்காதீர்கள்; வால்வுக்குள் ஈரம் போய் உறைந்தால் ஊசி சரியாக மூடாமல் விடிவதற்குள் டயர் இறங்கியிருக்கும்.

இதே கணக்கு வசந்தத்தில் தலைகீழாகும். மைனஸ் 20-ல் ஒழுங்காக 35 அடித்தவர், அப்படியே விட்டால் 20 டிகிரி வெயிலில் அது 43-ஐத் தொட்டிருக்கும். ஷாக்கும் புஷ்ஷும் இளகி, கார் சொகுசாக ஓடும் நேரம் என்பதால் யாரும் கவனிப்பதில்லை, சென்சார் விளக்கும் குறைந்தால்தான் எரியுமே தவிர கூடினால் பெரும்பாலும் எரியாது. ஏப்ரலில் ஒரு காலை, கேஜை எடுத்துக்கொண்டு நாலு டயரையும் ஒரு சுற்று பார்த்துக் காற்றை இறக்கணும். நண்பர் ஜனவரியில் செய்ததைச் செய்யவேண்டிய மாதம் அதுதான்.